உப்பு வண்டியும் காரணமில்லாப் பயணமும்

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு வண்டி போகிறது. உப்பு விற்கும் உமணர்களின் வண்டி. அதில் கோழி அடையும் கூடு இருக்கிறது. சின்ன உரல் ஒன்று தொங்குகிறது. காடி வைத்த கலத்தைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். ஆண்கள் மாற்று எருதுகளோடு நடந்து வருகிறார்கள். கைக்குழந்தையோடு வண்டியில் அமர்ந்து எருதுகளை ஓட்டிப் போகிறவள் ஒரு பெண். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதை அதிசயமாகச் சொல்லவில்லை. வழியில் காணும் பலவற்றுள் ஒன்றாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தும்போது, பொருள் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பதுண்டு. வண்டியை யார் ஓட்டியிருப்பார்கள்? ஒவ்வோர் ஆண்டும் ஒரே பதில்தான் வருகிறது. ஆண். பாடலில் அவள் இருக்கிறாள், நம் கற்பனையில் இல்லை. இடையில் எங்கோ அவளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறோம்.

அவளை எப்போது, எப்படி இறக்கினோம் என்ற கேள்வியோடுதான் சோழமண்டலக் கடற்கரையின் சாலையைப் பார்க்கத் தொடங்கினேன். தோழிகள் நான்கு பேர், ஒரு கார், மூன்று நாள்கள், சென்னையிலிருந்து வேதாரண்யம் வரை. முட்டுக்காட்டில் கடலும் காயலும் சேருமிடம், மாமல்லபுரத்துக்கு அப்பால் சவுக்குத் தோப்புகள், மரக்காணத்து உப்புக் குவியல்கள், தரங்கம்பாடியின் டேனியக் கோட்டை என்று கண்ணுக்கு விருந்தான வழி. இந்த வழியில் எங்களுக்கு முன் போன பெண்கள் யார், எந்தக் காரணத்தைச் சொல்லிப் போனார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காரணம் என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன். புறப்படுவதற்கு முன் எங்கள் நால்வரிடமும் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். எதுக்குப் போறீங்க? யாருக்காவது கல்யாணமா, கருத்தரங்கமா, கோயிலா? "சும்மா போறோம்" என்ற பதிலை மூன்று வீடுகள் முணுமுணுப்போடு ஏற்றன. நான்காவது தோழி கேள்வியே வராதபடி பார்த்துக்கொண்டாள். வேளாங்கண்ணிக்கு ஒரு வேண்டுதல் என்று சொல்லிவிட்டாள். அவள் கிறித்தவள் அல்லள். ஆனால் மாதா கோயிலுக்கு எந்த வீட்டிலும் தடையில்லை. "பொய்யில்லடி. ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டா உண்மையாயிடும்" என்றாள்.

அவளுடைய உத்தி எவ்வளவு பழையது என்பது பூம்புகாரில் தெரியவரும்.

அடையாறு

கிழக்குக் கடற்கரைச் சாலை திருவான்மியூரில் தொடங்குகிறது. ஊர்களை இணைத்த சிறு சாலைகளைச் சேர்த்தும் அகலப்படுத்தியும் 1990களில் உருவான இச்சாலையில் 2002 முதல் சுங்கம் வசூலிக்கிறார்கள். சுங்கம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. வில்லேந்திய காவலர் காக்கும் சுங்கப் பெருவழியைப் பெரும்பாணாற்றுப்படையே பேசுகிறது.

சாலைக்கு முன் இங்கே நீர்வழி இருந்தது. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாய் சாலையின் பக்கத்திலேயே வருகிறது. உப்பும் விறகும் இதன் வழியாகத்தான் சென்னைக்குப் படகில் வந்தன. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877–78இல், பெரும் பஞ்சத்தின் நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பஞ்ச காலத்து நிவாரணப் பணிகளில் மண் சுமந்தவர்களில் பெண்களும் உண்டு. அவர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி. கால்வாய்க்கு அப்போதைய ஆளுநரின் பெயர் நிலைத்தது.

திருவான்மியூருக்குச் சற்று முன்னால் இருக்கும் அடையாற்றில் 1917இல் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் முன்னின்று தொடங்கிய சங்கம் அது. அவர்களின் இதழ் ‘ஸ்திரீ தர்மம்’. 1930 மார்ச் 12 அன்று காந்தி சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரைக்கு நடக்கத் தொடங்கியபோது உடன் சென்ற 78 பேரும் ஆண்கள். பெண்களை முன்னிறுத்தினால் ஆங்கிலேயர் அடிக்கத் தயங்குவார்கள், அது பெண்களின் பின்னால் ஒளிந்துகொள்வதாகும் என்பது காந்தி தந்த விளக்கம். மார்கரெட் கசின்ஸ் இதைத் தம் இதழில் கண்டித்து எழுதினார். கமலாதேவி சட்டோபாத்யாய நேரில் வாதாடினார்.

உப்பு அடுக்களையின் பொருள். அதை விளைவிப்பதிலும் சுமப்பதிலும் விற்பதிலும் பெண்களின் உழைப்பு இருந்தது. அந்த உப்புக்காகக் கடற்கரைக்கு நடந்தபோது பெண்கள் வீட்டிலேயே இருக்கும்படி சொல்லப்பட்டார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் வண்டியிலிருந்து இறக்குவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பெண்கள் அதை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே ஆண்டில் பம்பாயிலும் சென்னையிலும் பெண்கள் உப்புச் சட்டத்தை மீறிச் சிறை சென்றார்கள்.

மரக்காணம்

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் பகுதியாக ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். கலைஞர் கூட்டமொன்று இவ்வழியே வருகிறது. பாணர்களோடு விறலியரும் நடக்கிறார்கள். நடந்து சோர்ந்த அவர்களின் பாதத்துக்கு இளைத்த நாயின் நாக்கைப் புலவர் உவமை சொல்கிறார். கடற்கரை ஊரில் நுளையர் வீட்டுப் பெண் வடித்த முதிர்ந்த கள்ளும் சுட்ட மீனும் விருந்தாகக் கிடைக்கின்றன. அதே பாட்டில் கொற்கைப் பக்கம் உமணர் வண்டியோடு வந்த குரங்கு ஒன்று, சிப்பிக்குள் முத்தைப் போட்டு மூடி, உமணப் பெண்களின் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. ஆணின் பயணத்தில் வீடு பின்தங்கி நிற்கிறது. உமணர் பயணத்தில் வீடு முழுவதும் சக்கரத்தின் மேல் வருகிறது, குழந்தையும் குரங்கும் உட்பட.

அகநானூற்றில் இன்னொருத்தி இருக்கிறாள். நெல்லும் உப்பும் ஒரே அளவு என்று தெருவில் விலை கூவிப் போகிறாள். பழகாத குரல் கேட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரள்கிறாள். அந்நியத் தெருவில் நடக்கும் பெண்ணின் ஒரு கணம் பாடலில் தங்கிவிட்டது. பாடிய தலைவன் அவளுடைய அழகில் கிறங்கியதைத்தான் சொல்ல வந்தான். நாம் நாயையும் கவனிக்கலாம்.

இன்றும் மரக்காணத்து உப்பளங்களில் பெண்கள் வேலை செய்கிறார்கள். விடியுமுன் தொடங்குகிற வேலை. வெயில் ஏறியபின் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீர் காலைப் புண்ணாக்குகிறது. சாலையோரம் காரை நிறுத்தி இறங்கியபோது உப்புச் சுமந்து வந்த ஒரு பெண் கேட்டார்.

"எங்கம்மா போறீங்க?"

"சும்மாதான்க்கா, கடலைப் பாத்துக்கிட்டே போறோம்."

"நாங்க தெனமும் பாக்குறோம். நின்னு பாத்ததில்ல."

அவர் குறை சொல்லும் குரலில் பேசவில்லை. ஆனால் காரணமில்லாமல் போவதன் விலையை அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. மாதச் சம்பளமும் ஓட்டுநர் உரிமமும் உள்ள நால்வருக்கு அது வீட்டில் ஒரு முணுமுணுப்பு. அவருக்கு ஒரு நாள் கூலி. பெண்களின் பயண உரிமையைப் பேசும்போது இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

கடலூர்

புதுச்சேரியைத் தாண்டினால் கடலூர். இங்கே பிறந்த அஞ்சலையம்மாள் 1927இல் சென்னையில் நடந்த நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் மகளோடு கலந்துகொண்டு சிறை சென்றவர். மகள் அப்போது சிறுமி. பின்னாளில் காந்தி கடலூர் வந்தபோது, அவர் அஞ்சலையம்மாளைச் சந்திக்க அரசு தடை விதித்தது என்றும், அஞ்சலையம்மாள் பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய் அவரைப் பார்த்தார் என்றும் சொல்லப்படுகிறது. அவருடைய துணிச்சலுக்குச் சான்றாக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. பெண்ணை மறைப்பதற்கான துணி, பெண் ஊரைக் கடப்பதற்கான கருவியாக மாறியிருக்கிறது. கைவசம் இருப்பதைக் கொண்டு வழியை உண்டாக்குவது இந்தக் கடற்கரைப் பெண்களின் பழக்கம்.

பூம்புகார்

சிலப்பதிகாரத்தில் கடற்கரைப் பயணங்கள் பல. ஒன்றையொன்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காப்பியம் வேறு முகம் காட்டுகிறது.

முதலாவது மாதவியின் பயணம். இந்திர விழாவின் முடிவில் ஊரே கடலாடப் போகிறது. கோவலன் கோவேறு கழுதையில் ஏறுகிறான், மாதவி வண்டியில். மகிழ்ச்சியைத் தவிர வேறு நோக்கமில்லாத பயணம். கடற்கரையில் கோவலன் யாழ் மீட்டிப் பாடுகிறான், மாதவி பதிலுக்குப் பாடுகிறாள். அவன் பாட்டில் வேறு பெண்ணின் சாயல் இருந்தது. அவள் பாட்டிலும் வேறொருவன் இருப்பதுபோல் தோன்றியதும் அவன் எழுந்து போய்விடுகிறான். மாதவி தனியே வண்டியேறி வீடு திரும்புகிறாள். ஒரே மணலில் ஒரே விளையாட்டை இருவர் ஆடினார்கள். ஒருவருக்கு அது கலை, மற்றவருக்குக் குற்றம்.

இரண்டாவது, நடக்காமல் போன பயணம். கண்ணகியின் தோழி தேவந்தி அவளை அழைக்கிறாள். காவிரி கடலோடு கலக்குமிடத்தில், நெய்தற் கானலில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற துறைகள் உள்ளன. அங்கே நீராடிக் காமவேளை வணங்கினால் கணவனோடு கூடி வாழலாம், போய் வருவோம் என்கிறாள். தோழியோடு கடற்கரைக்குப் போவதற்கும் கணவன்தான் காரணமாக வேண்டியிருக்கிறது. கண்ணகி அது பெருமையாகாது என்று மறுத்துவிடுகிறாள். கற்பின் உயர்வுக்கு இந்த மறுப்பை எடுத்துக்காட்டாகச் சொல்வது மரபு. அவள் போயிருந்தால் கடலைப் பார்த்திருப்பாள் என்று யாரும் எழுதியதில்லை.

தேவந்தியின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவளுடைய கணவன் தெய்வமாகிய சாத்தன். எட்டு ஆண்டு உடன் வாழ்ந்து, தன் உண்மை வடிவைக் காட்டி, கோயிலுக்கு வா என்று சொல்லி மறைந்துவிட்டான். ஊருக்கு இதை விளக்க முடியாது. எனவே, தீர்த்தமாடப் போன கணவனை மீட்டுத் தரும்படி வேண்டுவதாக ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அவள் கோயிலுக்குப் போய்வருகிறாள். சாக்கு என்பது என் ஊகமல்ல. அந்தப் பொருளைத் தரும் சொல்லையே இளங்கோ பயன்படுத்துகிறார். எங்கள் தோழியின் வேளாங்கண்ணி வேண்டுதலுக்கு மூத்தவள் இவள்.

கண்ணகியும் கோவலனும் புகாரை விட்டு வெளியேறுவது மூன்றாவது. அதை எல்லோரும் அறிவோம். நான்காவதைப் பலர் அறிவதில்லை. எல்லாம் எரிந்து முடிந்தபின் கண்ணகியின் செவிலித்தாயும் அடித்தோழியும் தேவந்தியும் புகாரிலிருந்து மதுரைக்கு வருகிறார்கள். அங்கே மாதரியின் மகள் ஐயையும் சேர்ந்துகொள்கிறாள். வையைக் கரை வழியே போய், மலையேறி, சேர நாட்டில் கண்ணகியின் கோயிலை அடைகிறார்கள். சோழ நாட்டுக் கடற்கரையிலிருந்து பாண்டிய நாட்டைக் கடந்து சேர நாட்டுக்கு மூன்று பெண்கள், பின்பு நால்வர். உடன் வந்த ஆண் யாரையும் காப்பியம் குறிப்பிடவில்லை. மூவேந்தர் நாட்டையும் இணைக்கும் காப்பியம் என்று சிலம்பைப் புகழ்கிறோம். அந்த மூன்று நாட்டையும் கால்களால் இணைத்தவர்களில் இந்தப் பெண்களும் உண்டு என்பதைப் பாடத்தில் ஒரு வரியாகவாவது சொல்ல வேண்டும்.

ஆனால் அவர்கள் எப்போது சேர்ந்து போகிறார்கள் என்று பாருங்கள். உயிரோடு இருந்தபோது கடற்கரைவரை வராத தோழியை, அவள் கல்லான பிறகு மலைவரை தேடிப் போகிறார்கள். மகிழ்ச்சிக்குக் கிடைக்காத வழி துக்கத்துக்குக் கிடைக்கிறது.

காரைக்கால்

புனிதவதியின் கணவன் பரமதத்தன் கடல்வழி வணிகத்துக்குப் போகிறான். போன இடத்தில் பாண்டி நாட்டுப் பட்டினமொன்றில் இன்னொரு திருமணம் செய்து தங்கிவிடுகிறான். செய்தி அறிந்த சுற்றத்தார் புனிதவதியைச் சிவிகையில் ஏற்றி அவனிடம் கொண்டுபோகிறார்கள். பெரியபுராணம் சொல்லும் இக்கதையில் அவளது முதல் பயணம் இது. அவள் போகவில்லை, கொண்டுபோகப்படுகிறாள்.

கணவன் அவள் காலில் விழுந்து விலகிய பிறகு, தசையைக் கழித்துப் பேய் வடிவம் வேண்டுகிறாள். அதன்பின் கயிலைக்குத் தானே தனியாகப் போகிறாள், தலையால் நடந்து. பக்தியின் எல்லை என்று இதைப் படித்திருக்கிறோம். பயணத்தின் வரலாறாகவும் படிக்கலாம். பெண்ணுடலோடு இருந்தவரை சிவிகையும் சுற்றமும் தேவைப்பட்டன. அந்த உடலை உதறியபின் யாரும் வழி மறிக்கவில்லை, துணைக்கு யார் என்று கேட்கவுமில்லை. தனியே நெடுவழி போக விரும்பிய ஒரு பெண் தன் அழகையே சுங்கமாகக் கட்ட வேண்டியிருந்தது. அம்மையார் தம் பாடல்களில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் ஊர் கொண்டாடுவது பெரும்பாலும் மாம்பழத்தை. பேயாகி நடந்தவளைக் கொண்டாட இன்னும் தயக்கமிருக்கிறது.

நாகப்பட்டினம்

2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் சுனாமி அடித்தது. ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005இல் வெளியிட்ட கணக்கில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்கள் 2,406 பெண்கள், 1,883 ஆண்கள். கடலூரில் 391 பெண்கள், 146 ஆண்கள். கடல் பெண்களைத் தேடி வரவில்லை. ஆண்கள் பலர் மீன்பிடிக்க ஆழ்கடலில் இருந்தார்கள். ஆழத்தில் அந்த அலை பெரிதாக உயர்வதில்லை. பெண்கள் மீன் வரும் என்று கரையில் காத்திருந்தார்கள், வீட்டில் குழந்தைகளோடு இருந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சேலை காலைத் தடுத்தது. பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு நீச்சல் ஏன் தெரியாது? கடல் அவளுக்கு வேலையிடம். அதில் இறங்கி விளையாட அவளுக்கு உரிமை இருந்ததில்லை. சங்க இலக்கியத்து நெய்தல் பெண்கள் தோழியர் கூட்டத்தோடு கடலாடினார்கள், நண்டைத் துரத்தினார்கள். அந்த விளையாட்டு பறிபோனதன் கணக்கும் மேலே சொன்ன எண்களுக்குள் இருக்கிறது. எங்கள் நால்வரிலும் ஒருத்திக்குத்தான் நீச்சல் தெரியும்.

மீன் கூடையோடு இந்தச் சாலையில் நடந்த பெண்கள் அநேகம். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதே ஆண்டு டிசம்பரில், தென்கோடியில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த மூத்த பெண் ஒருவரை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்டதை ஊரே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார், பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கட்டணத்தை நீக்கிவிட ஓர் அரசாணை போதும். எந்த உடல் வண்டியில் ஏறலாம் என்ற தீர்ப்பை மாற்ற அது போதாது.

அடுத்து வேளாங்கண்ணி. தோழி சொன்னபடி மெழுகுவத்தி ஏற்றினாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று நாங்கள் கேட்டோம். "அடுத்த தடவ பொய் சொல்லாம வரணும்னு" என்றாள்.

வேதாரண்யம்

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்தார்கள். 30ஆம் நாள் உப்புச் சட்டம் மீறப்பட்டது. அகஸ்தியன்பள்ளியில் நினைவுத்தூண் நிற்கிறது. வேதாரண்யம் என்றதும் இராஜாஜியின் பெயரைச் சொல்வோம், சர்தார் வேதரத்தினத்தின் பெயரைச் சொல்வோம். இந்தக் கடற்கரையில் உப்பு சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு, அந்த இயக்கத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று அறியப்படுபவர் ருக்மிணி லட்சுமிபதி. 1937இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவர் ஆனார். 1946இல் பிரகாசம் அமைச்சரவையில் பொதுச் சுகாதார அமைச்சர். சென்னை மாகாணத்தில் அமைச்சரான ஒரே பெண் அவர். எழும்பூரில் மார்ஷல் சாலை அவர் பெயரைப் பெற்றிருக்கிறது. ஆண்களே நடந்த பயணமாகத் தண்டியில் தொடங்கிய உப்புப் போராட்டத்துக்குள் இந்தக் கரையில் ஒரு பெண் நுழைந்தார். உமணப் பெண்ணின் வழிக்கு அவர் மீண்டும் வந்து சேர்ந்தார் என்று நான் வாசிக்கிறேன்.

இந்த வழியில் போன பெண்களை வரிசையில் நிறுத்தினால் காரணங்கள் நான்குதான். வேலை, வழிபாடு, துக்கம், போராட்டம். நான்கிலும் பெண் பிறருக்காகப் போகிறாள். தனக்காகப் போனவள் மாதவி. அவளும் கோவலனோடுதான் போனாள், பழியோடு திரும்பினாள். தோழியரோடு, தங்கள் மகிழ்ச்சிக்காக, ஒரு காரணமும் சொல்லாமல் போவது இந்த வரலாற்றில் புதிய உரிமை. சிறிய உரிமைபோல் தெரியும். ஆனால் காரணம் கேட்கும் அதிகாரம் இருக்கும்வரை, சொன்ன காரணத்தை நிராகரிக்கும் அதிகாரமும் இருக்கும். வேலைக்குப் போகாதே என்றும் போராட்டத்துக்கு வராதே என்றும் சொல்வது அதே வாய்தான்.

இந்த உரிமை எல்லோருக்கும் ஆக வேண்டுமானால் தேவைப்படுபவை எளியவை. நெடுஞ்சாலையில் பூட்டியிராத கழிப்பறை, பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல், மீன்கூடையை ஏற்றும் பேருந்து, உப்பளத்துப் பெண்ணுக்குக் கூலியோடு ஒரு விடுப்பு நாள்.

மாணவியருக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் அம்மாவிடமும் பாட்டியிடமும் கேளுங்கள். கல்யாணமான பிறகு எந்த ஊருக்குப் போனார்கள், யாரோடு, வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள், வழியில் உண்மையில் எதைப் பார்த்தார்கள் என்று. சொன்ன காரணத்தை ஒரு பக்கத்திலும் பார்த்ததை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். தேவந்தி எதைச் சாக்காகச் சொன்னாள் என்பதை இளங்கோ நமக்காக எழுதிவைத்தார். கோயிலுக்குப் போகும் வழியில் அவள் எதைப் பார்த்தாள் என்பதை யாரும் எழுதவில்லை.